சீக்கியர்களின் இல்லறமும் குருவழியும்: ஓர் எளிய அறிமுகம்

சுர்ஜித் சிங் பர்னாலாவைத் தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவிருக்கும். 1990-91இலும், பிறகு 2004 முதல் 2011 வரையிலும் இங்கே ஆளுநராக இருந்தவர்; 1980களில் பஞ்சாபின் முதலமைச்சர். அவருடைய பெயரைப் பிரித்துப் பாருங்கள். சுர்ஜித் என்பது அவருக்கு இட்ட பெயர். பர்னாலா, பஞ்சாபில் உள்ள ஓர் ஊர். நடுவில் நிற்கும் 'சிங்' லட்சக்கணக்கான சீக்கிய ஆண்கள் எல்லாருக்கும் பொதுவானது. நம்மூரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தாவது தந்தையைச் சொல்லும். இந்தப் பெயரில் தந்தையும் இல்லை, குலமும் இல்லை.

இதைப் பார்த்துச் சீக்கியர்கள் குடும்பப் பற்று குறைந்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இல்லறத்தைச் சீக்கிய மதம் அளவுக்கு உயர்த்திப் பேசிய மதங்கள் குறைவு. வீட்டில் இருந்துகொண்டே இறைவனை அடையலாம், அடைய வேண்டும் என்பது அதன் அடிப்படைப் பாடம். அதே சமயம், இன்னாருக்குப் பிறந்தவன் என்பதால் யாருக்கும் எந்த ஆன்மிக உரிமையும் வந்துவிடாது என்பதும் அதே அளவுக்கு உறுதியான பாடம். குடும்பத்துக்கு முழு மதிப்பு, குலப்பெருமைக்கு இடமில்லை. இந்த இரண்டும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்பது தெரிந்துவிட்டால், சீக்கிய வரலாற்றில் குழப்பமாகத் தோன்றும் பல செய்திகள் தெளிவாகிவிடும்.

முதலில் இல்லறம். சீக்கிய மதத்தைத் தொடங்கிய முதல் குருவான குரு நானக் 1469இல் தல்வண்டி என்ற ஊரில் பிறந்தார். அது இன்று பாகிஸ்தானில் நன்கானா சாகிப் என்று வழங்குகிறது. தந்தை காலு மேத்தா ஊர்க் கணக்கர். தாய் திருப்தா. அக்கா நானகி. தம்பியின் பெருமையை முதலில் உணர்ந்தவர் அந்த அக்காதான் என்று சீக்கியர்கள் இன்றும் அன்போடு சொல்வார்கள். அக்காள் கணவர் ஜெய்ராம் மூலம் சுல்தான்பூரில் தானியக் கிடங்கில் நானக்குக்கு வேலை கிடைத்தது. சுலக்கனியை மணந்தார். ஸ்ரீசந்த், லக்மிதாஸ் என்று இரண்டு மகன்கள் பிறந்தார்கள். பிறகு பல ஆண்டுகள் நெடும்பயணங்கள். அவை முடிந்ததும் அவர் மலைக்குகைக்குப் போகவில்லை. ராவி ஆற்றங்கரையில் கர்த்தார்பூர் என்ற குடியிருப்பை உருவாக்கி, மனைவி மக்களோடு அங்கே தங்கி, 1539இல் மறையும் வரை நிலத்தை உழுது வாழ்ந்தார்.

இதை ஒரு யோகியால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பட்டாலாவுக்கு அருகில் அச்சல் என்ற இடத்தில் சிவராத்திரித் திருவிழா. அங்கே சித்தர் கூட்டத்தைச் சேர்ந்த பங்கர்நாத் என்பவர் நானக்கிடம் கேட்டாராம்: "பாலில் ஏன் புளிப்பைக் கலந்தீர்? துறவி வேடத்தைக் களைந்துவிட்டு மறுபடியும் ஏன் குடும்பஸ்தர் ஆனீர்?" நானக் சமையலறை மொழியிலேயே பதில் சொன்னார். உன் தாய் பாத்திரத்தைச் சரியாகக் கழுவவில்லை, அதனால்தான் வெண்ணெய் கெட்டது என்றார். வீட்டைத் துறந்து வந்த நீங்கள், பசித்தால் அதே வீட்டுக்காரர்களின் வாசலில்தானே கையேந்தி நிற்கிறீர்கள் என்றும் கேட்டார். இந்த உரையாடலைப் பிற்காலத்தில் தம் பாடலில் பதிவு செய்தவர் பாய் குர்தாஸ். மூன்றாம் குருவின் உறவினர், சீக்கிய மரபின் மிகப் பெரிய விளக்கவுரையாளர்.

வீட்டில் இருந்துகொண்டே பற்றில்லாமல் இருப்பது எப்படி? அதற்கு நானக்கின் பாடல் இரண்டு உவமைகள் தருகிறது. தண்ணீருக்குள்ளேயே நின்றும் நனையாத தாமரை. ஓடையில் நீந்தியும் சிறகு நனையாத நீர்ப்பறவை. அவருடைய இன்னொரு பாடல், உழைத்து உண்டு, தன் கையிலிருந்து சிறிது பிறருக்கும் கொடுப்பவனே வழியை அறிந்தவன் என்கிறது. உழைப்பு, வீடு, பகிர்வு இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் சீக்கியர் சொல்லும் இல்லறம். மனைவி, பிள்ளைகள், சொத்து என்று நான்கு சுவருக்குள் அது முடிந்துவிடுவதில்லை. சீக்கியர்களின் வழிபாட்டிடமான குருத்வாராவில் யார் வந்தாலும் ஒரே வரிசையில் உட்கார வைத்துச் சோறு போடும் லங்கர், வீட்டு அடுப்பை ஊருக்குப் பொதுவாக்கியதுதான்.

லங்கர் என்றதும் ஒரு பெண்ணைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் குரு அங்கத்தின் மனைவி மாதா கீவி. சத்தா, பல்வந்த் என்ற இரு பாணர்கள் பாடிய பாடல் சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாகிபில் இடம்பெற்றிருக்கிறது. அதில் கீவியை அடர்ந்த இலைகள் கொண்ட மரத்தின் நிழல் என்று அவர்கள் போற்றுகிறார்கள். அவர் லங்கரில் பரிமாறிய, நெய் மணக்கும் பால்சோறும் அந்தப் பாட்டில் இருக்கிறது. குருமார்களின் மனைவியரில் அந்த நூலுக்குள் பெயர் சொல்லிப் பாடப்பட்டவர் இவர் ஒருவரே. பந்தி பரிமாறிய கைக்கு ஒரு வேதநூலுக்குள் இடம் கிடைத்திருக்கிறது.

இனி வம்சத்துக்கு வருவோம். கதையின் முடிச்சு இங்கேதான்.

நானக்கின் மூத்த மகன் ஸ்ரீசந்த் துறவி. அவர் வழியில் உதாசிகள் என்ற துறவிக் கூட்டம் உருவானது. தந்தை இல்லறத்தை உயர்த்தியவர், மகன் துறவறத்தை ஏற்றவர். இளையவர் லக்மிதாஸ் மணமாகிக் குடும்பத்தோடு வாழ்ந்தார். இருவரில் ஒருவருக்கும் குருபீடம் கிடைக்கவில்லை. காதூரிலிருந்து வந்த லகணா என்ற அடியவருக்கு அது போயிற்று.

இதற்கு ஒரு கதை சொல்வார்கள். வயலில் களை பிடுங்கிக் கட்டிய புல்கட்டிலிருந்து சேறு சொட்டிக்கொண்டிருந்தது. மகன்கள் அதைத் தூக்க மறுத்தார்கள். லகணா தம் நல்ல உடையோடு அதைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வந்ததும் சுலக்கனி அம்மையார், "நல்ல வீட்டுப் பிள்ளை தலையில் இதை ஏற்றலாமா, துணியெல்லாம் சேறாகிவிட்டதே" என்று கடிந்துகொண்டார். அது சேறு இல்லை, குங்குமப்பூ என்றாராம் நானக். பிறகு லகணாவுக்கு அங்கத் என்று பெயரிட்டார். தம் உடலின் அங்கம் என்று பொருள். பெற்ற பிள்ளையைவிட நெருக்கமான சொல் அது. பிள்ளையாவது உடலிலிருந்து பிரிந்து நிற்பவன். அங்கம் உடலோடேயே இருப்பது.

சத்தாவும் பல்வந்தும் இதையும் ஒளிக்காமல் பாடியிருக்கிறார்கள். மகன்கள் சொல் கேட்கவில்லை, முதுகைத் திருப்பிக்கொண்டார்கள் என்று புனித நூலுக்குள்ளேயே இருக்கிறது. அதே பாட்டில்தான் இந்த மரபின் மையக் கருத்தும் வருகிறது: ஒளி அதுவே, வழியும் அதுவே, உடல் மட்டும் மாறியது. விளக்கிலிருந்து விளக்கை ஏற்றுவதுபோல என்று நாம் புரிந்துகொள்ளலாம். அதனால்தான் பின்வந்த குருமார்களும் தம் பாடல்களில் 'நானக்' என்றே முத்திரை வைத்தார்கள். எந்தப் பாடல் யாருடையது என்பது மஹலா 1, மஹலா 2 என்ற எண்ணால்தான் தெரியும்.

பஞ்சாபியில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு: பிந்தி, நாதி. விந்து வழியாக வருபவன் பிந்தி. நாதம் வழியாக, அதாவது குருவின் சொல்லைக் கேட்டு, அந்தச் சொல்லில் பிறப்பவன் நாதி. சைவ, சித்தர் பாடல்களில் நாதத்தையும் விந்துவையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த இணை புதிதல்ல. சீக்கிய மரபு நாத வழியையே வாரிசு வழியாக ஏற்றது.

மூன்றாம் குரு அமர்தாஸ் வந்த வழியிலும் குடும்பமும் சொல்லும் பின்னிக் கிடக்கின்றன. குரு அங்கத்தின் மகள் பீபி அம்ரோ, அமர்தாஸின் தம்பி மகனுக்கு வாழ்க்கைப்பட்டவர். அந்த மருமகள் நானக்கின் பாடலைப் பாடக் கேட்டுத்தான் முதியவரான அமர்தாஸ் குருவைத் தேடிப் போனார். 1552இல் அவர் குருவானபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. இந்த முறையும் அங்கத்தின் மகன்கள் தாசுவும் தாதுவும் விலக்கப்பட்டார்கள்.

அமர்தாஸின் கடைசி நேரத்தைப் பற்றி அவருடைய கொள்ளுப்பேரன் சுந்தர் பாடிய பாடல் குரு கிரந்த் சாகிபில் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் மிக அந்தரங்கமான காட்சி அது. முதியவர் மக்களையும் உறவினரையும் அழைத்து அருகே உட்கார வைக்கிறார். எனக்குப் பின்னால் யாரும் அழக் கூடாது, இறைவன் புகழைப் பாடுங்கள் என்கிறார். பிறகு மருமகன் ராம்தாஸைத் தம் இடத்தில் அமர்த்துகிறார். மகன் மோகரி முன்வந்து ராம்தாஸின் காலில் விழுகிறார். சொந்த மைத்துனன் காலில் விழுவது எந்த வீட்டிலும் எளிய காரியமல்ல. ஒரு மகன் தன் உரிமையை எல்லார் முன்னிலையிலும் இறக்கி வைத்த அந்த நொடியைப் புனித நூல் பெயரோடு காத்து வைத்திருக்கிறது.

ராம்தாஸ் 1534இல் லாகூரில் பிறந்தவர், சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். அமர்தாஸின் மகள் பீபி பானியை மணந்தார். இவர்களுக்கு மூன்று மகன்கள்: பிரிதிசந்த், மகாதேவ், அர்ஜன். ஒருமுறை லாகூரில் ஓர் உறவினர் திருமணத்துக்குக் கடைக்குட்டி அர்ஜனை அனுப்பி வைத்தார் தந்தை. அழைக்கும் வரை அங்கேயே இருக்கச் சொன்னார். அழைப்பு வரவில்லை. தந்தையைக் காணும் ஏக்கத்தில் அர்ஜன் பாட்டாகவே கடிதம் எழுதினார். முதல் இரண்டு கடிதங்களையும் அண்ணன் பிரிதிசந்த் மறைத்துவிட்டதாகவும், மூன்றாவதில் எண் போட்டு எழுதியதால் உண்மை வெளிப்பட்டதாகவும் மரபு சொல்கிறது. அந்தப் பாடல்களைச் சீக்கியர்கள் இன்றும் பாடுகிறார்கள். மகன் தந்தைக்கு எழுதியது, ஆன்மா இறைவனுக்கு எழுதியதாக ஆகிவிட்டது.

1581இல் அர்ஜன் குருவானார். பிரிதிசந்த் கடைசிவரை ஏற்கவில்லை. மகனே, தந்தையோடு ஏன் சச்சரவு செய்கிறாய் என்று தொடங்கும் ராம்தாஸின் பாடல் ஒன்று உண்டு. அது பிரிதிசந்தை எண்ணிப் பாடியது என்பார்கள். பாகப்பிரிவினைச் சண்டையைப் பார்த்த எந்த வீட்டுக்காரருக்கும் அந்தப் பாடலின் வலி புரியும்.

கவனமாகப் படிப்பவர் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். நான்காம் குரு முதல் பத்தாம் குரு வரை எல்லாருமே சோதி என்ற ஒரே குடும்பத்தினர். அப்படியானால் இது வாரிசுமுறைதானே? மறைக்க ஒன்றுமில்லை, பீடம் சோதி குடும்பத்துக்குள் நின்றது உண்மை. பீபி பானி தந்தைக்குச் செய்த தொண்டுக்குப் பரிசாகக் கேட்ட வரம் என்று மரபு இதற்கு விளக்கம் சொல்கிறது. ஆனால் அந்தக் குடும்பத்துக்குள்ளும் மூத்தவன் என்ற உரிமை ஒருபோதும் செல்லவில்லை. ஏழாம் குரு ஹர்ராயின் மூத்த மகன் ராம்ராய், ஔரங்கசீப் அவையில் நானக்கின் வரியில் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னார். அரசரைச் சமாதானப்படுத்தச் செய்த சிறு திருத்தம்தான். தந்தை அவரை அடியோடு விலக்கிவிட்டார். ராம்ராய் மலையடிவாரத்தில் அமைத்த டேராவின் பெயர் இன்றும் டேராடூனில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பீடம் ஐந்தே வயதான இளைய மகன் ஹர்கிஷனுக்குச் சென்றது. அவர் 1664இல் டில்லியில் அம்மை நோயால் மறைந்தார். அப்போது சொன்னது 'பாபா பகாலே' என்ற இரண்டே சொற்கள்: பெரியவர் பகாலா ஊரில் இருக்கிறார். அது அவருடைய தாத்தாவின் தம்பி தேக் பகதூர். பேரனிடமிருந்து தாத்தாவுக்கு ஏறிச் செல்லும் வாரிசுமுறையை எந்த அரச குலத்திலும் காண்பது அரிது.

தேக் பகதூரின் மகன் குரு கோவிந்த் சிங் முடிச்சை முழுவதுமாக அவிழ்த்தார். 1699 வைசாகி நாளில் அனந்தபூரில் கால்சா என்ற அமைப்பைத் தொடங்கினார். அன்று குரு தலையைக் கேட்டபோது தர முன்வந்த ஐந்து பேரும் ஐந்து ஊர்க்காரர்கள், வெவ்வேறு தொழில்காரர்கள். லாகூர், ஹஸ்தினாபூர், பூரி, துவாரகை, பீதர். அவர்களில் நீர் சுமப்பவர் உண்டு, துணியில் அச்சிடுபவர் உண்டு, நாவிதர் உண்டு. ஒரே கிண்ணத்திலிருந்து அமிர்தம் என்ற புனித இனிப்பு நீரைப் பருகி எல்லாரும் சிங் ஆனார்கள். பின்பு குருவே அவர்கள் முன் கைகூப்பி அதே அமிர்தத்தைக் கேட்டு வாங்கினார்.

இன்றும் கால்சாவில் சேர அமிர்தம் ஏற்பவரிடம் சொல்லப்படும் செய்தி இதுதான்: இன்று முதல் உன் தந்தை குரு கோவிந்த் சிங், தாய் மாதா சாகிப் கௌர், பிறந்த இடம் கேஸ்கட் சாகிப், வசிப்பிடம் அனந்தபூர் சாகிப். ஒரே பெற்றோரின் பிள்ளைகள் என்பதால் எல்லாரும் உடன்பிறந்தவர்கள். பழைய குலம் அழிந்தது. குருவின் மனைவியரில் ஒருவரான மாதா சாகிப் கௌருக்குச் சொந்தப் பிள்ளைகள் கிடையாது. கால்சா முழுவதற்கும் அவரே தாய்.

குருவின் சொந்தப் பிள்ளைகள் நால்வர். மூத்தவர்களான அஜித் சிங்கும் ஜுஜார் சிங்கும் 1704இன் கடைசியில் சம்கௌர் போரில் விழுந்தார்கள். சிறுவர்கள் சோராவர் சிங்கும் ஃபதே சிங்கும் சிர்ஹிந்தில் கொல்லப்பட்டார்கள். பாட்டி மாதா குஜ்ரியும் அங்கேயே உயிர்விட்டார். சீக்கியர்கள் தினமும் சொல்லும் அர்தாஸ் வேண்டுதலில் இந்த நான்கு பிள்ளைகளும் நினைக்கப்படுகிறார்கள். 1708இல் நாந்தேடில் குரு கோவிந்த் சிங் மறையும் முன், இனி மனித குரு இல்லை, நூலே குரு என்று நிலைநாட்டினார். அந்த நூலில் நெசவாளி கபீரின் பாடல்களும் தோல் தொழிலாளி ரவிதாஸின் பாடல்களும் இருக்கின்றன. சொல்வழி வந்த வம்சம் சொல்லிலேயே போய்ச் சேர்ந்தது.

இந்த நூலைச் சுற்றித்தான் இன்றைய சீக்கியத் திருமணமும் நடக்கிறது. ஆனந்த் காரஜ் என்பார்கள். மணமகனின் தோளில் உள்ள சால்வையின் நுனியை மணமகளின் தந்தை எடுத்து அவள் கையில் கொடுப்பார். நான்காம் குரு ராம்தாஸ் இயற்றிய 'லாவான்' நான்கு பாடல்கள். ஒவ்வொன்றும் படிக்கப்பட்டுப் பாடப்படும்போது இருவரும் நூலை ஒருமுறை வலம்வருவார்கள். முதல் பாடல் கடமையில் தொடங்குகிறது. நான்காவது இறைவனோடு ஒன்றாவதில் முடிகிறது. சொற்கள் முழுவதும் ஆன்மாவைப் பற்றியவை. அவற்றை நடந்து காட்டுவது இரண்டு மனிதர்கள். சேர்ந்து உட்கார்ந்திருப்பவர்கள் கணவன் மனைவி ஆகிவிட மாட்டார்கள், இரண்டு உடலில் ஒரே ஒளி இருந்தால்தான் தம்பதி என்று அமர்தாஸ் பாடியிருக்கிறார். ஆங்கிலேயர் காலத்தில் 1909இல் இந்தத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது.

உறவுமுறையில் நமக்கும் அவர்களுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. பஞ்சாபியில் தந்தையின் அண்ணன் தாயா, தம்பி சாச்சா, அத்தை பூஆ, தாய்மாமன் மாமா, தாயின் சகோதரி மாசி. இந்த ஐவரின் பிள்ளைகளும் அண்ணன் தங்கை முறையே. அத்தை மகள், மாமன் மகள் என்ற முறைப்பெண் அங்கே கிடையாது. அப்படிக் கேட்டாலே திடுக்கிடுவார்கள். தந்தையின் கோத்திரத்திலும் தாயின் கோத்திரத்திலும் பெண் எடுப்பதைத் தவிர்ப்பது கிராமத்து வழக்கம். அதனால் கில், சித்து, தில்லான், சந்து போன்ற கோத்திரப் பெயர்கள் பெயரில் ஒளிந்திருந்தாலும் கல்யாணப் பேச்சில் வெளியே வந்துவிடும்.

சாதியும் அப்படியே வந்துவிடுகிறது என்பதுதான் வருத்தம். திருமணத்தில் சாதி பார்க்கக் கூடாது என்று சீக்கிய நடத்தை நெறி தெளிவாகச் சொல்கிறது. ஆனாலும் நாளிதழ்களின் மணமகன், மணமகள் விளம்பரங்களில் ஜாட் சீக்கியர், கத்ரி சீக்கியர், ராம்கடியா என்று தலைப்பிட்டே கேட்கிறார்கள். பெண் விஷயத்தில் இடைவெளி இன்னும் கசப்பானது. அரசர்களைப் பெற்றெடுப்பவளை இழிவாகப் பேசுவது எப்படி என்று கேட்டவர் நானக். உடன்கட்டை ஏறுதலைக் கண்டித்தவர் அமர்தாஸ். வரதட்சணைப் பகட்டைப் பொய்யான ஆணவம் என்றவர் ராம்தாஸ். பெண்குழந்தையைக் கொல்பவரோடு உறவே வைக்கக் கூடாது என்பது நெறி. இவ்வளவும் இருந்தும், 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பஞ்சாபில் ஆறு வயதுவரை 1000 ஆண்குழந்தைகளுக்கு 798 பெண்குழந்தைகள்தான். 2011இல் அது 846 ஆக உயர்ந்தது, போதாது. குருமார்கள் மறுத்த வம்ச ஆசை வீடுகளுக்குள் இன்னும் சாகவில்லை.

குழந்தைக்குப் பெயர் வைப்பதில் அந்த மறுப்பு அழகாக உயிரோடிருக்கிறது. குருத்வாராவில் குரு கிரந்த் சாகிபைத் திறப்பார்கள். கண்ணில் படும் பாடலின் முதல் எழுத்தே பெயரின் முதல் எழுத்து. தாத்தா பெயர் வைக்கும் கட்டாயம் இல்லை. குர்பிரீத், ஹர்ஜித், மன்ஜித் எல்லாமே இருபாலருக்கும் பொருந்தும். ஆணுக்குச் சிங், பெண்ணுக்கு இளவரசி என்று பொருள் சொல்லப்படும் கௌர். கணவன் பெயரை ஒட்டிக்கொள்ளாமலேயே அந்தப் பெண் முழுப் பெயரோடு நிற்கலாம். முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங்கின் மனைவி குர்சரண் கௌர் என்பது நமக்கெல்லாம் தெரிந்த எடுத்துக்காட்டு.

இரவு படுக்கும் முன் சீக்கிய வீடுகளில் சோகிலா என்ற சிறு பாடல் தொகுப்பைச் சொல்வார்கள். அதில் நானக்கின் பாடல் ஒன்று: முகூர்த்த நாள் குறித்தாயிற்று, தோழியரே, எல்லாரும் கூடி வாசற்படியில் எண்ணெய் வாருங்கள், நான் என் தலைவனைச் சேர வாழ்த்துங்கள். பஞ்சாபில் புது மணப்பெண் புகுந்த வீட்டுக்குள் நுழையும்போது வாசலில் எண்ணெய் வார்ப்பது வழக்கம். பாடலில் பிறந்த வீடு இந்த உலகம், புகுந்த வீடு இறைவனிடம். இந்த அழைப்பு ஒவ்வொரு வீட்டுக்கும் தினமும் வந்துகொண்டிருக்கிறது என்று பாடல் தொடர்கிறது. பிள்ளைகள் தூங்கும் முன் கேட்கும் அதே சோகிலாவைத்தான், வீட்டில் ஒருவர் இறந்தால், சிதை முழுவதும் பற்றி எரியும் நேரத்தில் சுற்றி நின்று சொல்வார்கள்.